குடும்ப விசா பெறுவது எப்படி? திருமணப் பதிவு முதல் தூதரக முத்திரை வரை: முழு விவரம்

திருவனந்தபுரம்: வெளிநாட்டில் பணிபுரியும் கணவருடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழ்வதற்குக் குடும்ப விசா கோருவோர், பெரும்பாலும் அந்நாட்டின் சம்பள வரம்பையும் கட்டணத்தையும் பற்றியே முதலில் விசாரிக்கின்றனர். ஆனால் அந்த விண்ணப்பத்தின் அடித்தளம் சொந்த ஊரிலேயே இடப்படுகிறது. திருமணம் எந்த ஊரில் நடந்தது, எந்த அலுவலகத்தில் பதிவானது, சான்றிதழில் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது ஆகிய மூன்று கேள்விகளுக்கான விடையே பின்னர் வரும் ஒவ்வொரு படியையும் தீர்மானிக்கிறது.

கேரளத் தலைநகரின் கிழக்கேகோட்டைப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குப் பகுதியும், சாலைக் கடைவீதியும், நகரப் பேருந்து நிலையமும் ஒன்றுகூடும் இவ்விடத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மாநில எல்லை மாறிய பின்னரும் உறவும் கொடுக்கல் வாங்கலும் நின்றுவிடவில்லை. மணமகன் சாலைக் கடைவீதியிலும், மணமகள் நாகர்கோவிலிலும், வேலை துபாயிலும் என்ற நிலை இங்கு இயல்பானது. அத்தகைய தம்பதியரின் ஆவணங்கள் எந்த மாநிலத்தில் சான்றொப்பம் பெற வேண்டும் என்பது பலரைக் குழப்பும் கேள்வி.

பிரிந்து வாழும் குடும்பங்கள்

கேரளத்திலிருந்து வெளிநாடு சென்றோர் பற்றிய ஆய்வுகள், திருவனந்தபுரம் உள்ளூரில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தால் 1998-ல் தொடங்கப்பட்டன. அந்த வரிசையில் வெளியான 2023-ம் ஆண்டுக்கான கேரள இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் கேரளத்தவரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 22 லட்சம் என்றும், அவர்கள் அனுப்பும் பணத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.16 லட்சம் கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

இந்தத் தொகைக்குப் பின்னால் நீண்ட காலப் பிரிவும் உள்ளது. கணவர் வளைகுடாவில் இருக்க, ஊரில் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களை ஆய்வாளர்கள் ‘வளைகுடா மனைவியர்’ என்று குறிப்பிடுகின்றனர். பொருளியல் அறிஞர் லீலா குலாட்டி 1993-ல் வெளியிட்ட ‘இன் தி ஆப்சென்ஸ் ஆஃப் தெயர் மென்’ என்ற நூல், கேரளத்தில் அத்தகைய பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. ஆண்டுக்கு ஒரு முறை, சில வாரங்கள் மட்டும் ஒன்றாக வாழும் தம்பதியருக்கு, ஓர் ஆவணப் பிழையால் ஏற்படும் ஆறு மாதத் தாமதம் என்பது அடுத்த விடுமுறை வரை சேர்ந்திருக்கும் வாய்ப்பை இழப்பதாகும்.

முதல் படி: திருமணப் பதிவு

கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வழங்கப்படும் திருமணச் சான்று, வெளிநாட்டு விசாவுக்குப் பொதுவாகப் போதுமானதல்ல. அரசின் பதிவாளர் வழங்கிய சான்றிதழே தேவை. எல்லா மதத்தினரின் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய மாநிலங்கள் விதிகளை வகுக்க வேண்டும் என 2006 பிப்ரவரி 14 அன்று சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து இரு மாநிலங்களும் தனித்தனி விதிகளைக் கொண்டுவந்தன.

கேரளம்: 2008-ம் ஆண்டின் கேரளத் திருமணப் பதிவு (பொது) விதிகளின்படி, திருமணம் நடந்த பகுதிக்குரிய ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் 45 நாட்களுக்குள் பதிவுக்கான படிவத்தை அளிக்க வேண்டும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து தேவை. திருமணம் நடந்ததற்கு மத நிறுவனத்தின் சான்றோ, விதிகளில் குறிப்பிடப்பட்ட அதிகாரி அல்லது மக்கள் பிரதிநிதியின் உறுதிமொழியோ இணைக்கப்பட வேண்டும். காலம் கடந்தால் அபராதம் செலுத்த வேண்டும். நெடுங்காலம் கடந்துவிட்டால் மேல் அதிகாரியின் அனுமதியும் தேவைப்படும்.

கிழக்கேகோட்டையில் உள்ள மண்டபத்திலோ கோயிலிலோ நடந்த திருமணம் திருவனந்தபுரம் மாநகராட்சியில் பதிவு செய்யப்படும். 2024 ஜனவரி 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் ஊராட்சிகளிலும் செயல்பட்டு வரும் ‘கே-ஸ்மார்ட்’ இணையச் சேவையில், காணொலி வழி அடையாளச் சரிபார்ப்பு மூலம் பதிவை முடிக்கும் வசதி உண்டு. விடுமுறை முடிந்து திருமணமான சில நாட்களிலேயே வெளிநாடு திரும்பும் கணவர்களுக்கு இவ்வசதி பெரிதும் உதவும்.

தமிழ்நாடு: 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுத் துறையின் கீழ் இயங்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. இந்த 150 நாட்களைக் கடந்தவர்கள், 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அல்லது 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய இயலுமா எனச் சார்பதிவாளரிடம் கேட்டறிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் காலம் இருப்பதால், கணவரின் விடுமுறையை அதற்கேற்பத் திட்டமிடுவது அவசியம்.

எந்த மாநிலம் சான்றொப்பமிடும்?

‘அட்டஸ்டேஷன்’ எனப்படும் சான்றொப்பம், ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என அரசு உறுதிசெய்வதாகும். ஆவணத்தை வழங்கிய மாநிலமே அதற்கு முதலில் சான்றொப்பமிட வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. விண்ணப்பதாரர் தற்போது எங்கு வசிக்கிறார் என்பது இங்கு கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

ஆகவே, கிழக்கேகோட்டையில் வசிக்கும் தம்பதியரின் திருமணம் நாகர்கோவிலில் நடந்து, அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அச்சான்றிதழுக்குக் கேரள அரசு முத்திரையிடாது. அது சென்னைத் தலைமைச் செயலகத்தில் இதற்கென அதிகாரம் பெற்ற துறைக்குச் செல்ல வேண்டும். மாறாக, திருமணம் திருவனந்தபுரத்தில் பதிவாகியிருந்தால், எம்.ஜி. சாலையில் உள்ள கேரளத் தலைமைச் செயலகத்தின் உள்துறையே சான்றொப்பமிடும். அது கிழக்கேகோட்டையிலிருந்து நேர் சாலையில் சில நிமிடப் பயணத் தொலைவில்தான் உள்ளது.

ஒரே குடும்பத்தில் இரண்டு வழிகளும் தேவைப்படலாம். திருமணச் சான்று தமிழ்நாட்டிலும், குழந்தையின் பிறப்புச் சான்று கேரளத்திலும் வழங்கப்பட்டிருந்தால், முன்னது சென்னையிலும் பின்னது திருவனந்தபுரத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். மனைவியின் பட்டச் சான்றிதழைக் கேட்கும் நாடுகளுக்கு, அந்தப் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாநில முத்திரைக்குப் பின் அடுத்த கட்டம் மத்திய வெளியுறவு அமைச்சகம். முன்பு டெல்லியில் மட்டும் மேற்கொள்ளப்பட்ட இப்பணி, 2019 முதல் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. விண்ணப்பங்கள் அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகவே பெறப்படுகின்றன. சாதாரணச் சான்றொப்பத்துக்கு அமைச்சகம் கட்டணம் வசூலிப்பதில்லை. ‘அப்போஸ்டில்’ முத்திரைக்கு ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய் மட்டுமே அமைச்சகக் கட்டணம். இதற்கு மேல் செலுத்துவது சேவை நிறுவனத்தின் கட்டணம் அல்லது முகவரின் கூலி என்பதை விண்ணப்பதாரர்கள் பிரித்தறிய வேண்டும்.

கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய நகரங்களில் சான்றிதழ் சரிபார்ப்பு மையங்களை நடத்துகிறது. திருவனந்தபுரம் தைக்காட்டில் அதன் தலைமையகம் உள்ளது.

அப்போஸ்டிலா, தூதரக முத்திரையா?

அப்போஸ்டில் என்பது 1961-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் ஒற்றை முத்திரை. உடன்படிக்கையில் உள்ள நாடுகள் இதை நேரடியாக ஏற்கும். தூதரகத்தில் தனியே முத்திரை பெற வேண்டியதில்லை. இந்தியாவில் இந்த உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது.

வளைகுடா நாடுகள் இதில் இரண்டாகப் பிரிகின்றன.

* ஓமன் (2012 முதல்), பஹ்ரைன் (2013 இறுதி முதல்), சவுதி அரேபியா (2022 டிசம்பர் 7 முதல்) ஆகியவை உடன்படிக்கையில் உள்ளன. இந்நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும்.

* ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை உடன்படிக்கையில் சேராத நாடுகளாகவே இருந்து வருகின்றன. இவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்ற வரிசையில் முத்திரை பெற்று, இறுதியாக அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும்.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் நிலை வேறுபட்டது. அந்நாடு உடன்படிக்கையில் இருந்தாலும், இந்தியா சேர்ந்தபோது எதிர்ப்புத் தெரிவித்தது. இதனால் இந்திய அப்போஸ்டில் அங்கு செல்லாது. ஜெர்மன் தூதரகங்கள் ஆவணங்களைத் தனியே சரிபார்க்கும் முறையைப் பின்பற்றுகின்றன.

எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்று அறியாமல் முதலில் அப்போஸ்டில் பெற்றுவிட்டு, பின்னர் அமீரகத்துக்காக மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது வீண் செலவாகும்.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கட்டத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தந்தையின் பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் பயன்படுத்துவது தமிழ் வழக்கம். ஆனால் பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே பதிய முடியாது, விரித்தெழுத வேண்டும். இதனால் ஆதாரில் ஒரு வடிவம், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு வடிவம், திருமணச் சான்றில் மூன்றாவது வடிவம் என ஒரே பெண்ணின் பெயர் மூன்று விதமாக அமைந்துவிடுகிறது.

குடும்ப விசாவைப் பரிசீலிக்கும் அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பது பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றையும்தான். எனவே திருமணத்தைப் பதிவு செய்யும்போதே, இருவரின் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே, எழுத்துக்கு எழுத்து, பதிவாளரிடம் அளிக்க வேண்டும். முத்திரைகள் அனைத்தும் பெற்ற பின் பிழை தெரியவந்தால், சான்றிதழைத் திருத்தி, சான்றொப்பத்தை மீண்டும் முதலிலிருந்து பெற வேண்டியிருக்கும்.

ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட பாஸ்போர்ட்டும் சிக்கலுக்குரியது. குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களைச் சில வகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததாக விமான நிறுவனங்கள் பயணிகளுக்குத் தெரிவித்தன. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் எனத் தளர்வு அளிக்கப்பட்டது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்போர் பெயர், குடும்பப் பெயர் ஆகிய இரு கட்டங்களையும் நிரப்புவது பாதுகாப்பானது.

பாஸ்போர்ட்டில் கணவர் அல்லது மனைவியின் பெயரைச் சேர்க்கத் திருமணச் சான்று இப்போது கட்டாயமில்லை. 2025-ல் அறிமுகமான நடைமுறையின்படி, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்துடன் கூட்டு உறுதிமொழி அளித்தால் போதும். இந்தத் தளர்வைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும் உறுதிமொழி, வெளிநாட்டு விசாவுக்கான திருமணச் சான்றாகாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பாஸ்போர்ட்டுக்கு ஏற்கப்படும். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வளைகுடா நாடுகளின் விதிகள்

ஐக்கிய அரபு அமீரகம்: குடும்பத்தை அழைத்து வருவோரின் தொழிலைப் பார்க்கும் முறையை மாற்றி, வருமானத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் முறையை அந்நாடு 2019-ல் கொண்டுவந்தது. மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹம் சம்பளத்துடன் தங்குமிடம் இருந்தால் மனைவி, குழந்தைகளுக்கு ஸ்பான்சர் ஆகலாம். முன்பு தொழில் வகையால் தகுதி பெறாத ஓட்டுநர்களும் கடை ஊழியர்களும் இதனால் பயன்பெற முடிந்தது. பெண்களும் கணவருக்கு ஸ்பான்சர் ஆகலாம்.

நுழைவு அனுமதியில் நாட்டுக்குள் வந்த பின் 60 நாட்களுக்குள் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 வயதைக் கடந்தோருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. திருமணச் சான்றின் அரபு மொழிபெயர்ப்பை உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் பெற வேண்டும். திருமணமாகாத மகன்களை 25 வயது வரையிலும், திருமணமாகாத மகள்களை வயது வரம்பின்றியும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

சவுதி அரேபியா: இங்கு அனுமதி பெறுவதைவிடத் தொடர்ந்து செலுத்தும் கட்டணமே பெரும் சுமை. உடன் வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் உயர்ந்து 2020-ல் 400 ரியாலாகியது. மனைவி, இரு குழந்தைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். இக்கட்டணம் வந்த பின் பல குடும்பங்கள் ஊர் திரும்பின.

குவைத்: நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த குடும்ப விசா 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கப்பட்டபோது, குறைந்தபட்சச் சம்பளம் 800 தினார் என நிர்ணயிக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை அதே ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் இந்தச் சம்பள வரம்பு சாதாரணத் தொழிலாளர்களுக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது.

வேலைக்காகச் செல்லும் சில பிரிவினருக்குத் தேவைப்படும் குடிபெயர்வு அனுமதி, 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பணிபுரிபவரைச் சார்ந்து செல்லும் மனைவியும் குழந்தைகளும் அச்சட்டத்தின் ‘குடிபெயர்பவர்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. எனினும் குடும்ப விசாவையோ சுற்றுலா விசாவையோ காட்டி வேலைக்கு அனுப்புவதாகக் கூறும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி

பிரிட்டன்: குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ பெற்றவர் தம் துணையை அழைக்க, ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 18,600 பவுண்டாக இருந்த இந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று உயர்த்தப்பட்டது. வருமானம் இல்லாதோர் 88,500 பவுண்டு சேமிப்பைக் காட்டலாம். விண்ணப்பக் கட்டணம் 1,900 பவுண்டுக்கு மேல். இத்துடன் மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணமாக 33 மாதங்களுக்கு 3,105 பவுண்டு செலுத்த வேண்டும். ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

வேலை, கல்வி விசாக்களில் சென்றோருக்கான விதிகள் இதனின்றும் வேறுபட்டவை. 2024 ஜனவரி 1 முதல், ஆய்வுப் படிப்பு போன்ற சில பிரிவுகள் தவிர, மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்களாகப் புதிதாக விசா பெறுவோருக்கும் அந்த உரிமை இல்லை. செவிலியர் இந்தத் தடைக்குள் வருவதில்லை. ஆகவே பணி ஒப்பந்தத்தில் எந்தப் பணிப் பெயர் உள்ளது என்பதைக் கையெழுத்திடும் முன் பார்த்துக்கொள்வது அவசியம். ‘பின்னர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்’ என்ற வாய்மொழி உறுதியை நம்பிச் செல்வோர் பல ஆண்டுகள் பிரிந்திருக்க நேரிடலாம்.

அமெரிக்கா: குடியுரிமை பெற்றவரின் துணைக்கு வழங்கப்படும் விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. கிரீன் கார்டு உள்ளவரின் துணை ‘எஃப்2ஏ’ என்ற பிரிவில் வரிசையில் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் முதல் படி ஐ-130 மனு. அழைப்பவரின் வருமானம் பொதுவாக வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குடியேறும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக்குட்பட்ட குடியிருப்பு உரிமை மட்டுமே கிடைக்கும். எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் துணை எச்-4 விசாவில் உடன் செல்லலாம். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 2015 முதல் வேலை அனுமதியும் வழங்கப்படுகிறது.

கனடா: துணையை அழைக்கப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பராமரிப்பை ஏற்பதாக உறுதியளிக்க வேண்டும். மாணவர்களின் துணைக்கான திறந்த வேலை அனுமதி 2025 ஜனவரி 21 முதல் கட்டுப்படுத்தப்பட்டு, 16 மாதங்களுக்குக் குறையாத முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டம், சில தொழிற்கல்விகள் ஆகியவற்றில் பயில்வோரின் துணைக்கு மட்டும் வழங்கப்படுகிறது.

ஜெர்மனி: துணையாகச் செல்வோர் பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ‘ப்ளூ கார்டு’ பெற்றவரின் துணைக்கு விலக்கு உண்டு.

விசா ஒருவரைச் சார்ந்திருக்கும்போது

குடும்ப விசாவில் செல்பவரின் தங்கும் உரிமை, அவரை அழைத்தவரின் வேலையையும் திருமண உறவையும் சார்ந்தது. வேலை போனாலோ உறவு முறிந்தாலோ, மனைவியின் விசாவும் கேள்விக்குள்ளாகும். பயணத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

இதற்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்தில் கணவரை இழந்தோரும் விவாகரத்தானோரும் ஸ்பான்சர் இன்றி ஓராண்டு தங்க விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில், குடும்ப வன்முறைக்கு ஆளாகி உறவு முறிந்த துணைவர்கள் மூன்று மாதத் தற்காலிகச் சலுகை பெற்று, நிரந்தரக் குடியிருப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில், குடியுரிமை அல்லது கிரீன் கார்டு பெற்றவரால் கொடுமைக்குள்ளானவர், அவரின் உதவியின்றித் தாமே மனு அளிக்க வழி உண்டு.

இந்தியாவில், வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. இத்தகைய திருமணங்களுக்கு முழுமையான தனிச் சட்டம் தேவை என இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் அளித்த 287-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. வெளிநாட்டில் கைவிடப்பட்ட பெண்களின் புகார்களைத் தேசிய மகளிர் ஆணையத்தின் தனிப் பிரிவு 2009 முதல் கையாண்டு வருகிறது.

இந்தச் சூழலிலும் முதலில் கேட்கப்படும் ஆவணம் திருமணச் சான்றிதழே. கணவர் மனைவியைக் கைவிட்டால், பராமரிப்பு கோருவதற்கும் புகார் அளிப்பதற்கும் அதுவே ஆதாரமாகிறது. ஆகவே விசா தேவைப்படாத தம்பதியரும் திருமணத்தை உரிய காலத்தில் பதிவு செய்வது பெண்ணுக்குப் பாதுகாப்பாக அமையும். மூலச் சான்றிதழ் கணவரிடம் இருந்தால், பதிவாளரின் முத்திரை பெற்ற மற்றொரு படியை மனைவி தம்மிடமோ பெற்றோரிடமோ வைத்திருப்பது நல்லது.

வெளிநாட்டவரை மணந்தவர்களுக்கு

எதிர்த் திசையிலும் இதே ஆவணமே தேவை. இந்தியரை மணந்து இங்கு வாழ வரும் வெளிநாட்டவர் நுழைவு விசா பெற்று, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் விதிகளுக்கு உட்பட்டுத் தங்கலாம். திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் எனப்படும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்தோருக்கு இச்சலுகை இல்லை.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. இருவரின் பாஸ்போர்ட்டிலும் பெயர், குடும்பப் பெயர் ஆகிய இரு கட்டங்களும் நிரம்பியுள்ளனவா?

2. திருமணம் உரிய காலத்தில் – கேரளத்தில் 45 நாட்கள், தமிழ்நாட்டில் 90 நாட்கள் – பதிவாகியுள்ளதா?

3. சான்றிதழில் உள்ள பெயர்களும் பிறந்த தேதிகளும் பாஸ்போர்ட்டுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா?

4. சான்றிதழ் தமிழிலோ மலையாளத்திலோ மட்டும் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பு தேவையா?

5. சான்றிதழை வழங்கிய மாநிலம் எது? சான்றொப்பம் சென்னையிலா, திருவனந்தபுரத்திலா?

6. செல்லவிருக்கும் நாட்டுக்கு அப்போஸ்டில் போதுமா, தூதரக முத்திரை வேண்டுமா?

7. அழைப்பவரின் விசா வகை குடும்பத்தை அழைக்க அனுமதிக்கிறதா? அவரின் சம்பளம் வரம்பை எட்டுகிறதா?

8. பதிவாளரின் முத்திரை பெற்ற கூடுதல் படிகள் கையில் உள்ளனவா?

கேரளத்தில் வசிப்போர் நோர்க்கா ரூட்ஸின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3939-ல் விளக்கம் பெறலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் மாநில அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையை அணுகலாம். சம்பள வரம்பும் கட்டணமும் அந்தந்த நாடுகளால் அடிக்கடி மாற்றப்படுபவை என்பதால், பணம் செலுத்தும் முன் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.